டர்பன் வார்டில் மாணவர்களோடு

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

நான்காம் ஆண்டு பிசியோதெரபி மாணவர்கள் இன்று வார்டுக்கு வந்தார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் பட்டம் வாங்கியதும் ஒரு வருடம் கட்டாயச் சமுதாயச் சேவை. நம் துறைக்கு அது 2003 முதல் இருக்கிறது. டர்பன் இருக்கும் மாகாணமான க்வாசூலு-நட்டாலின் ஏதோ ஒரு மூலையில் போட்டால், சந்தேகம் கேட்கப் பக்கத்தில் யாரும் இல்லாமலும் போகலாம். அதனால் முடிவெடுக்க இங்கேயே பழகட்டும். நான் கட்டிலின் கால்மாட்டில் நிற்பேன். நோயாளி விழப்போகிறார் என்றால் மட்டும் கை நீட்டுவேன்.

6 ஆகஸ்ட், புதன்

நோயாளி டர்பன் பக்கத்து உம்லாசிக்காரர். பக்கவாதம், இடப்பக்கம் பலவீனம். "கோலோடு ஐம்பது மீட்டர் நடப்பார்" என்று இலக்கு எழுதியிருந்தாள் மாணவி.

"வீட்டுக்கு எதில் போவார்?" என்று கேட்டேன்.

அவள் போய் அவரிடம் சூலு மொழியில் விசாரித்தாள். டாக்சியில்தான். இங்கே டாக்சி என்றால் ஆட்களை நெருக்கி ஏற்றும் மினிபஸ். படி உயரம், குனிந்து நுழைய வேண்டும், டிரைவர் காத்திருக்க மாட்டார். ஐம்பது மீட்டர் நடந்து வந்தவர் அந்தப் படியிலேயே நின்றுவிடுவார்.

மாணவி வாசலுக்கே போய், நின்றிருந்த டாக்சியைப் பார்த்துவிட்டு வந்தாள். "மேம், பிடிக்கிற கம்பி அவருடைய இடது கைப்பக்கம் வருது." எனக்கு அவ்வளவு சந்தோஷம்! இதை நான் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பாள். பிற்பகல் படிப்பலகை வைத்துப் பயிற்சி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். கம்பிக்குப் பதிலாக முதுகைத் திருப்பி இருக்கை ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுப்பது அவளுடைய யோசனை.

14 ஆகஸ்ட், வியாழன்

இன்றைய நோயாளி, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஒரு தமிழ் ஆயா. சர்க்கரை நோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருக்கிறார்கள். மகள் பாசத்தில் முழங்காலுக்கடியில் தலையணை வைக்கிறார். மடங்கியே கிடந்தால் முட்டி இறுகிப்போகும், செயற்கைக் கால் பொருத்துவது கஷ்டம். மாணவன் இதை ஆங்கிலத்தில் அழகாக விளக்கினான். மகளும் தலையாட்டினார். மாலையில் தலையணை திரும்பவும் அங்கேயே.

"அவங்க கைக்கு ஒரு வேலை கொடு" என்றேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

காலையில் மாணவன் மகளுக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்தான்: முட்டியை மெத்தையில் அழுத்தி, ஐந்து எண்ணி, விடுவது. மகள் "ஒன்னு, ரெண்டு" என்று எண்ண ஆயாவும் கூட எண்ணினார். தலையணையை மகளே எடுத்து வைத்துவிட்டார்.

"தைப்பூசத்துக்குக் கோயில்ல நிக்கணும் தம்பி" என்றார் ஆயா. நான் மொழிபெயர்த்ததும் "கண்டிப்பா" என்று சொல்ல வாயெடுத்தான். கண் காட்டித் தடுத்தேன். காயம் ஆற வேண்டும், இன்னொரு காலும் நன்றாக இருக்க வேண்டும். நடைவழியில் வைத்துத்தான் அதை விளக்கினேன், ஆயா முன்னால் அல்ல. அப்புறம் அவனே உள்ளே போய், அந்த நல்ல காலின் பாதத்தை விரலிடுக்கு வரை புண் இருக்கிறதா என்று பார்த்தான். தினமும் இப்படிப் பார்க்கச் சொல்லி மகளுக்கும் காட்டிக்கொடுத்தான்.