புது கோல்ஃப் டிரைவரைச் சோதிக்கப் போகிறீர்களா? திரையிலிருந்து நீக்கப்பட்ட அடிகளைக் கேளுங்கள்

கோல்ஃபில் பந்தை வெகுதூரம் அடிக்கப் பயன்படும் மட்டைதான் டிரைவர். புதிதாக ஒன்று வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அடித்த பந்தின் வேகம், சுழற்சி, தூரம் எல்லாம் காட்டும் லாஞ்ச் மானிட்டர் திரையில் கடைசியாக வரும் சராசரியை அப்படியே நம்பிவிடாதீர்கள். அதில் எந்தெந்த அடி சேர்ந்திருக்கிறது, எது எடுக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். கேட்டதால்தான் நான் தப்பித்தேன்.

நடந்தது இதுதான். என் பழைய டிரைவரில் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, ஃபிட்டர் (ஆளுக்கேற்ற மட்டையைப் பொருத்தித் தருபவர்) எடுத்துக் கொடுத்த புதியதை அடிக்க ஆரம்பித்தேன். இடையில் ஒரு பந்து ஹீல் பக்கம், அதாவது தலையில் தண்டோடு சேரும் ஓரத்தில், பட்டது. கைக்கு வந்த அதிர்விலேயே தெரிந்துவிட்டது. திரும்பித் திரையைப் பார்ப்பதற்குள் அந்த வரியைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் டோ பக்கம் (எதிர் ஓரம்) பட்ட இன்னொன்றும் அதேபோல மறைந்தது.

“அதை ஏன் சார் எடுத்துட்டீங்க?”

“அது உங்க நார்மல் ஸ்விங் இல்ல சார். அதையும் சேர்த்தா சராசரி கெட்டுடும்.”

இப்போது எழுதும்போதும் எரிச்சலாக இருக்கிறது. அந்த மாதிரி அடிகளுக்காகத்தானே புது டிரைவர் தேடி வந்திருக்கிறேன்! அதைவிட மோசம், என் பழைய டிரைவரின் பட்டியலிலிருந்து ஒரு அடிகூட எடுக்கப்படவில்லை. அதில் ஹீல், டோ, அடிவிளிம்பு எல்லாமே கணக்கில் இருந்தன. புதியதில் நல்லவை மட்டும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “பாருங்க சார், 14 யார்டு கூட” என்றார். நீக்கியதையெல்லாம் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். மனமில்லாமல் மெனுவில் தேடிச் சேர்த்தார். வித்தியாசம் 5 யார்டாகச் சுருங்கியது.

நல்ல அடியை மட்டும் பார்த்தால் இன்றைய டிரைவர்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தெரியும். அதற்குக் காரணம் இருக்கிறது. ஃபேஸ் (தலையில் பந்து படும் முகப்பு) எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு, கோல்ஃப் விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏ, ஆர் அண்ட் ஏ அமைப்புகள் இரண்டும் சேர்ந்து வரம்பு வைத்திருக்கின்றன. ஃபேஸில் ஒரு சிறு உலோக எடையை மோதவிட்டு, அது ஒட்டியிருக்கும் நேரத்தை அளக்கிறார்கள். 239 மைக்ரோ செகண்ட், அதற்கு மேல் 18 வரை சலுகை. பெரிய நிறுவனங்கள் எல்லாம் பல வருடங்களாக அந்த வரம்பை ஒட்டியே செய்கின்றன. தலையின் கொள்ளளவுக்கும் 460 சிசி என்று வரம்பு. அதனால் நட்ட நடுவில் பட்ட பந்தில் பெரிய வித்தியாசம் வர வழியில்லை. அப்படி வந்தால் லாஃப்ட் (ஃபேஸின் சாய்வுக் கோணம்), ஷாஃப்டின் (தண்டின்) நீளம், ஸ்பின் (பந்தின் சுழற்சி) இவற்றில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று அர்த்தம். முதலில் அதைத் தேடுங்கள்.

வித்தியாசம் இருப்பது நடுவை விட்டு விலகிய அடியில். ஹீலிலோ டோவிலோ படும்போது தலை எவ்வளவு குறைவாகத் திருகுகிறதோ, அவ்வளவு வேகம் மிஞ்சும். திருகாமல் நிற்கும் அந்தக் குணத்தைத்தான் எம்ஓஐ என்ற எண்ணில் சொல்கிறார்கள். இதற்கும் வரம்பு உண்டு: 5,900 கிராம் சதுர சென்டிமீட்டர், அதற்கு மேல் 100 சலுகை. அப்படியானால் 2024-ல் வந்த சில டிரைவர்கள் மட்டும் 10,000 என்று எப்படி விளம்பரப்படுத்தின? அது இரண்டு அச்சுகளின் கூட்டுத்தொகை. ஹீல்-டோ திசையில் திருகுவதற்கு ஒன்று, மேல்-கீழாகச் சாய்வதற்கு ஒன்று. வரம்பு இருப்பது முதலாவதற்கு மட்டும்தான். 10,000 என்பதை 5,900-க்குப் பக்கத்தில் வைத்து யாராவது காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள்.

அந்த இடத்தை விட்டுவிட்டு வேறொரு இடத்தில் நேரம் வாங்கினேன். இந்த முறை என் நிபந்தனைகளை முதலிலேயே சொல்லிவிட்டேன். எதையும் அழிக்கக் கூடாது. டிரைவரை மாற்றும் முன் திரையை நான் போனில் படம் எடுத்துக்கொள்வேன். பழையதையும் புதியதையும் சில பந்துகளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி அடிப்பேன். இந்த மூன்றாவது ரொம்ப முக்கியம். உடம்பு சூடாகும் முன் பழையதை அடிக்க வைத்து, நன்றாகச் சூடான பிறகு புதியதைக் கையில் கொடுத்தால், எந்தப் புதியதும் ஜெயிக்கும். கடைசியில் களைத்துப்போய் அடிக்கிற டிரைவர் தோற்கும். மாற்றி மாற்றி அடித்தால் இரண்டுக்கும் ஒரே நிலைமை. அங்கிருந்த ஃபிட்டர் எந்த மறுப்பும் சொல்லவில்லை. அதிலேயே பாதி நிம்மதி.

இங்கே ஒரு சின்னக் கண்டுபிடிப்பு. என் பழைய டிரைவரே திரையில் மைதானத்தில் போவதைவிட 15 யார்டு அதிகம் போனது. எப்படி என்று கேட்டுப் பார்த்தால், மென்பொருளில் கடல் மட்டத்திலிருந்து நல்ல உயரத்தில் இருப்பதுபோல அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. காற்றின் அடர்த்தி குறைந்தால் பந்து கூடுதல் தூரம் போகும் அல்லவா? யாரோ முன்பு மாற்றியது அப்படியே இருந்திருக்கிறது. அவர் உடனே சரி செய்தார். அன்றிலிருந்து நான் தூரத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் பால் ஸ்பீட் (பந்து கிளம்பும் வேகம்), அப்புறம் லாஞ்ச் கோணம் (அது மேலெழும் கோணம்), அப்புறம் ஸ்பின். தூரம் என்பது இந்த மூன்றையும் வைத்து இயந்திரம் போடும் கணக்கு. உள்ளரங்கில் பந்து சில அடி தூரத்திலேயே வலையில் மோதிவிடுகிறது, மீதியெல்லாம் கணக்குதான். ராடார் வகை மானிட்டராக இருந்தால், பந்தில் ஒட்டும் சிறு உலோகப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் உள்ளரங்கில் ஸ்பின் எண் வெறும் ஊகமாக இருக்கக்கூடும்.

அடுத்தது பவுடர். காலுக்கு அடிக்கிற ஸ்ப்ரே பவுடரை ஃபேஸில் லேசாக அடித்தால் வெள்ளையாகப் படியும். பந்து பட்ட இடத்தில் வட்டமாகத் தடம் விழும், உற்றுப் பார்த்தால் பந்தின் குழிகள்கூடத் தெரியும். தடிமனான ஸ்டிக்கரைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் எல்லா டிரைவருக்கும் ஒரே மாதிரி பயன்படுத்துங்கள். ஒன்றுக்கு அடித்து இன்னொன்றுக்கு விட்டுவிட்டால் ஒப்பீடே போச்சு. ஒவ்வொரு அடிக்கும் பிறகு தடத்தைப் பார்த்து, ஹீல், டோ, மேல், கீழ், நடு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் பால் ஸ்பீட். இந்தத் தாள்தான் கடைசியில் முடிவைச் சொன்னது, திரை இல்லை.

கடைசிச் சுற்றில் இரண்டு புதிய தலைகள் இருந்தன. ஒன்று குறைந்த ஸ்பின் தருகிற வகை, எடை முன்பக்கம் இருந்தது. இன்னொன்று எடையைப் பின்னால் தள்ளி எம்ஓஐயைக் கூட்டிய வகை. நடுவில் பட்டபோது முதலாவது மணிக்கு 143 மைல், இரண்டாவது 142. இதை மட்டும் பார்த்தால் முதலாவதைத்தான் வாங்கியிருப்பேன், சத்தமும் அதில்தான் நன்றாக இருந்தது. ஹீல் பக்கம் பட்ட அடிகளைத் தனியாகப் பிரித்து எழுதினேன். முதலாவது 132-க்கு இறங்கியது. இரண்டாவது 137-ல் நின்றது. தோராயமாக ஒரு மைல் வேகத்துக்கு இரண்டு யார்டு கேரி (பந்து தரையில் விழும்வரை பறக்கும் தூரம்) என்று வைத்தால், 10 யார்டு. தண்ணீரைத் தாண்டுவதற்கும் தண்ணீரில் விழுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

ஃபேஸின் அடிவிளிம்பை நோக்கிப் பட்ட அடிகளில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கீழே பட்டால் பந்து தாழ்வாகக் கிளம்பும், ஸ்பின் ஏறும், வேகம் குறையும். முதல் தலையில் ஸ்பின் நிமிடத்துக்கு 3,600 சுற்றுகளைத் தாண்டிப் போனது. இரண்டாவதில் 3,000-க்குப் பக்கத்தில் அடங்கியது. குறைந்த ஸ்பின் என்று பெயர் வாங்கிய தலைதான் என் மோசமான அடியில் அதிக ஸ்பின் கொடுத்தது! இந்த ஒரு வரியை எந்தச் சராசரியிலும் பார்த்திருக்க முடியாது.

எம்ஓஐ கூடினால் ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைந்து போவது) போய்விடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, படும் நொடியில் ஃபேஸ் எங்கே பார்க்கிறது என்பதுதான். ஃபேஸ் திறந்தபடி (இலக்குக்கு வலப்பக்கம் பார்த்தபடி) வந்து, ஸ்விங்கின் பாதையும் அதற்கு இடப்பக்கமாகப் போனால், நட்ட நடுவில் பட்டாலும் பந்து வலப்பக்கம்தான் வளையும் (வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன்). எம்ஓஐ அதைத் திருத்தாது. எனக்கே அந்த இரண்டாவது தலை முதலில் மூடத் தாமதமானது, பந்துகள் வலப்பக்கம் ஒழுகின. ஃபிட்டர் தலையில் இருந்த எடையை ஹீல் பக்கம் நகர்த்திய பிறகுதான் நேரானது.

கழுத்தில் இருக்கும் ஸ்லீவையும் கவனியுங்கள். லாஃப்டைக் கூட்டத் திருப்பினால் பெரும்பாலான டிரைவர்களில் ஃபேஸ் கொஞ்சம் மூடிக்கொள்ளும், குறைத்தால் திறக்கும். முதல் கடையில் டெமோ டிரைவரின் மேல் 10.5 என்று போட்டிருந்தது. ஸ்லீவோ ஒன்றரை டிகிரி குறைத்து வைக்கப்பட்டிருந்தது, அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒப்பிட வேண்டுமானால் எல்லாவற்றையும் நடுநிலையில் வைத்துத் தொடங்குங்கள். ஷாஃப்டின் நீளமும் அப்படித்தான். நீளம் கூடினால் தலையின் வேகம் கூடும், கூடவே பவுடர் தடங்களும் ஃபேஸ் முழுவதும் சிதறும். 46 அங்குல டெமோவோடு 45 அங்குலப் பழையதை ஒப்பிட்டால் நீங்கள் சோதிப்பது தலையை இல்லை, நீளத்தை.

பயிற்சி ரேஞ்சில் அடித்துப் பார்த்ததைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேய்ந்த ரேஞ்ச் பந்தில் தூரத்தைப் பார்ப்பது வீண், திசையையும் தடத்தையும் மட்டும் பார்த்தேன். டெமோவை மைதானத்துக்கும் எடுத்துப் போக விட்டார்கள். நல்ல அடிகள் எங்கே போயின என்று நான் குறிக்கவே இல்லை. மோசமானவை எங்கே நின்றன, அங்கிருந்து அடுத்த அடியை கிரீனை (குழி இருக்கும் புல்திடலை) நோக்கி அடிக்க முடிந்ததா, அது மட்டும்தான். பழையதில் மரத்துக்குள் போகும் ஹீல் அடி இதில் ஃபேர்வே ஓரத்துப் புல்லில் நின்றது. சரி, இதுதான் என்று ஆர்டர் கொடுத்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால், வந்து சேர்ந்த டிரைவரில் இன்னொரு தலைவலி. பெயர் அதே, ஷாஃப்ட் எவ்வளவு வளையும் என்பதைக் குறிக்கும் ஃப்ளெக்ஸ் எழுத்தும் அதே. ஷாஃப்ட் மட்டும் 60 கிராம் வகைக்குப் பதிலாக 50 கிராம் வகை. நீளமும் அரை அங்குலம் கூட. கையில் எடுத்து வீசியதும் சந்தேகம் வந்தது, டேப்பை வைத்து அளந்தேன். விற்ற இடத்தில் கேட்டால், “வித்தியாசமே தெரியாது சார், ஆடிப் பாருங்க” என்கிறார்கள். சோதித்த அன்றே ஷாஃப்டின் மேல் அச்சிட்டிருந்த எடை, நீளம், ஸ்லீவ் இருந்த நிலை, தலையில் எடை இருந்த இடம் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருந்தேன். ஆர்டர் சீட்டிலும் அவற்றை எழுத வைத்திருந்தேன். இரண்டையும் மேசையில் வைத்ததும் பேச்சு நின்றது. நீங்களும் மறக்காமல் இதைச் செய்யுங்கள். ‘அதே மாடல், அதே ஃப்ளெக்ஸ்’ என்று மட்டும் சீட்டில் இருந்தால் உங்களிடம் பிடி எதுவும் இல்லை. ஃப்ளெக்ஸ் எழுத்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு கிடையாது, ஒருவரின் ஸ்டிஃப் இன்னொருவரின் ரெகுலர்.

மாற்றிக் கொடுக்க இழுத்தடித்தார்கள், ஆனாலும் கொடுத்தார்கள். மறுபடி அதே மானிட்டர், அதே பவுடர், அதே வகைப் பந்து. ஹீல் அடிகளைத் தனியாகப் பிரித்து எழுதினேன். 136, 137, 137. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இந்த மறுசோதனையை முடித்துவிடுங்கள். முடிந்தால் ஒரு பந்தும் படும் முன், பிளாஸ்டிக் உறை மேலே இருக்கும்போதே நீளத்தையும் ஷாஃப்ட் எடையையும் சரிபாருங்கள், ஃபேஸில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் அப்புறம் வாதமே வேறு மாதிரி ஆகிவிடும்.