ஒரு கதவுச் சத்தத்துக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

சூப்பர் நின்டெண்டோ என்ற பழைய வீடியோ கேம் கன்சோலின் விளையாட்டு ஒன்றில் கற்கதவு திறக்கும்போது எழும் சத்தத்தை மட்டும், பின்னணி இசை கலக்காமல் தனியே எடுக்க வேண்டும் என்பதே என் நோக்கம். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று எண்ணித் தொடங்கிய வேலை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டது. என்னிடமிருந்த கேட்ரிட்ஜிலிருந்து ரோம் கோப்பை (விளையாட்டின் நகலை) எடுத்ததிலும், கன்சோலைப் போலவே கணினியில் இயங்கும் மென்பொருளான எமுலேட்டரில் அதை ஓட்டியதிலும் தடங்கல் ஏதும் இல்லை. இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், அதன் பிறகு நான் இடறிய இடங்களையே விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் கன்சோலில் மொத்தம் 8 ஒலிச் சேனல்கள்தாம். இசையும் சத்தங்களும் அவற்றைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கதவுச் சத்தம் எட்டாவது சேனலில் வருவதைக் கண்டதும், மற்ற ஏழையும் அணைத்துவிட்டுப் பதிவு செய்தேன். ஆனால் சத்தம் வந்து பறித்துக்கொள்ளும்வரை அந்தச் சேனலில் இசையின் ஒரு கருவி ஒலித்துக்கொண்டிருந்ததால், அதன் எதிரொலி பதிவின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டே வந்தது. எத்தனை முறை வெட்டியும் அது போகவில்லை. முதல் ஞாயிறு அத்துடன் கழிந்தது.

அடுத்து, ஒலி நினைவகத்திலிருந்தே நேரடியாக எடுக்க முனைந்தேன். ஒலிப் பகுதிக்கென இருக்கும் 64 கிலோபைட் நினைவகம் முழுவதையும் எஸ்பிசி என்ற வகைக் கோப்பாக எமுலேட்டரில் சேமிக்கலாம். நான் அதைத் தலைப்புத் திரையிலேயே சேமித்துவிட்டேன். இத்தனை சிறிய இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது என்பதால், கட்டத்துக்குக் கட்டம் சாம்பிள்கள், அதாவது சத்தங்களுக்கு அடிப்படையான சிறு ஒலித்துண்டுகள், மாற்றி ஏற்றப்படுகின்றன. கதவே இல்லாத திரையில் கதவின் சாம்பிளும் இல்லை. இதை உணர்வதற்குள் அரை நாள் போய்விட்டது. ஆகவே, வேண்டிய சத்தம் கேட்கும் கட்டத்துக்குள் நுழைந்த பிறகே சேமியுங்கள்.

சரியான கோப்பு கிடைத்த பின்பும், கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் வெட்டி எடுத்த ஒவ்வொன்றும் வெறும் இரைச்சலாகவே ஒலித்தது. கோப்பின் முதல் 256 பைட்டுகள் தலைப்புத் தகவல் என்பதையும், நினைவக முகவரி எதுவாயினும் அதனுடன் 256ஐக் கூட்டியே கோப்பில் தேட வேண்டும் என்பதையும் நான் மறந்திருந்தேன். சாம்பிள்கள் பிஆர்ஆர் என்ற முறையில், 9 பைட் கொண்ட ஒரு தொகுதிக்கு 16 ஒலிப்புள்ளிகள் என்ற கணக்கில் சுருக்கப்பட்டவை. ஒரு பைட் தள்ளி வெட்டினாலும் ஒவ்வொரு தொகுதியின் முதல் பைட்டில் உள்ள கட்டளை தவறாகப் படிக்கப்பட்டு எல்லாம் குலைந்துவிடும். கோப்பைப் பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 65885ஆம் பைட்டில் இருக்கும் எண்ணை 256ஆல் பெருக்குங்கள்; சாம்பிள் பட்டியல் நினைவகத்தில் தொடங்கும் முகவரி அதுவே. பட்டியலில் சாம்பிள் ஒன்றுக்கு 4 பைட்டுகள்: முதல் இரண்டு தொடக்க முகவரி, அடுத்த இரண்டு லூப் முகவரி (சாம்பிள் திரும்பத் திரும்ப ஒலிக்கும்போது மீண்டும் தொடங்கும் இடம்). எதிரொலிக்கான இடமும் இதே 64 கிலோபைட்டுக்குள் ஒதுக்கப்படுவதால் அந்தப் பகுதியைச் சாம்பிள் என்று நம்பி ஏமாற வேண்டாம். நான் அங்கே ஒரு மணி நேரத்தை இழந்தேன்.

ஒருவழியாகச் சாம்பிள் கையில் கிடைத்தது. கேட்டபோது அது கதவே அல்ல. தோலை ஒருமுறை தட்டியது போன்ற குறுகிய ஒலி. தவறான சாம்பிளோ என்று ஐயுற்று, சத்தம் ஒலிக்கும் தருணத்தில் எட்டாவது சேனலின் ரெஜிஸ்டர்களை, அதாவது ஒலிச் சில்லு அப்போதைக்கப்போது படிக்கும் எண்களின் இருப்பிடங்களை, பார்த்தேன். சாம்பிள் எண் சரியாகவே இருந்தது. சுருதிக்கான எண்தான் நிலையாக நிற்கவில்லை. அந்த ரெஜிஸ்டரில் 4096 என்றால் சாம்பிள் 32000 ஹெர்ட்ஸ் வேகத்திலும், 2048 என்றால் அதில் பாதி வேகத்திலும் ஓடும். இங்கோ அது மிகத் தாழ்வாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, அதே தட்டலைப் பலமுறை மீட்டிக் கல் உரசும் உணர்வை உண்டாக்கியது. நான் தேடிய சத்தம் ஒரு பதிவாக எங்கும் வைக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு சிறு தட்டலும் அதை வாசிக்கும் கட்டளைகளும் சேர்ந்தால்தான் அது பிறக்கிறது. அதை உருவாக்கியவர் எத்தனை சிறிய இடத்தில் எவ்வளவு பெரிய கதவைத் திறந்திருக்கிறார் என்று எண்ணியபோது, இழந்த நேரத்தின் மீதான வருத்தம் பெரிதும் தணிந்தது.

சாம்பிளை மட்டும் எடுப்பதில் இன்னொரு குறையும் உண்டு. கன்சோலின் ஒலிச் சில்லு இடைப்புள்ளிகளைக் கணக்கிடும் முறையால் கூர்மை சற்று மழுங்கியே வெளிவரும்; நேரடியாக மாற்றிய சாம்பிளோ நினைவில் உள்ளதைவிடக் கூர்மையாகக் கேட்கும்.

எனவே மூன்றாவது ஞாயிறன்று மீண்டும் எஸ்பிசி கோப்புக்கே திரும்பினேன். கதவு திறப்பதற்குச் சற்று முன் சேமித்த கோப்பைப் பிளேயரில் ஓட்டியபோது இசை மட்டுமே வந்தது; சத்தத்தை எழுப்பும் ஆணையை முதன்மைச் செயலிதான் அனுப்புகிறது, அந்தச் செயலி இந்தக் கோப்பில் இல்லை. அதனால் எமுலேட்டரை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, ஆணை வந்து சேர்ந்து சத்தம் இன்னும் தொடங்காத அந்த ஒரு ஃப்ரேமில் சேமித்தேன். ஆறாவது முயற்சியில் அது வாய்த்தது. பிளேயரில் மற்ற ஏழு சேனல்களையும் எதிரொலியையும் அணைத்துவிட்டு ஓட்டினேன். முன்னும் பின்னும் எதுவும் ஒட்டாமல் கற்கதவு மட்டும் திறந்தது. அதே இடத்தை நான்கு முறை திரும்பக் கேட்டேன்.

32000 ஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகச் சேமித்திருக்கிறேன். எம்பி3 வேண்டாம், அந்த மாற்றம் தொடக்கத்தில் சிறிது மௌனத்தைச் சேர்த்துவிடுவதால், இத்தனை குறுகிய சத்தங்கள் தாமதித்து ஒலிக்கும். அதே விளையாட்டின் வெடிச் சத்தத்தைச் சாம்பிள் பட்டியலில் தேட வேண்டாம் என்பதையும் இப்போது அறிந்துகொண்டேன்: அது சில்லின் இரைச்சல் உற்பத்திப் பகுதியிலிருந்தே வருகிறது. அடுத்த ஞாயிறு அதற்கும் இதே ஃப்ரேம் முறைதான்.