சாம்பியன் ரீஃப், கோலார் தங்க வயல், அக்டோபர் - நவம்பர் 2024

அக்டோபர் 19

ராத்திரி முழுக்க நைனா சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார். படுத்தால் மூச்சு வாங்குகிறது.

அக்டோபர் 22

பென்ஷனுக்கான உயிர்ச் சான்றுக்கு நைனாவைக் கூட்டிப் போனேன். ரேகை மிஷினில் அவர் விரல் பதியவே இல்லை. வலது, இடது, ஆள்காட்டி விரல், எதுவும் இல்லை. ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைத்தோம். அப்போதும் சிவப்பு விளக்குதான். அவர் விரலைப் பிடித்துக் கிட்டத்தில் பார்த்தேன். கோடுகள் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, நடுவில் கல் கிழித்த தழும்பு மட்டும் வெள்ளையாக. தங்கச் சுரங்கத்தில் டிரில் பிடித்த கை. அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரமும் இதே விரல்தானே.

அக்டோபர் 23

ரேகை நினைப்பாகவே இருக்கிறது. 1930-இல் இந்த ஊர் வேலையை நிறுத்தியதும் ரேகைக்காகத்தான். சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி தொழிலாளிகளின் கைரேகையைப் பதியக் கிளம்பியது. தங்கத் திருட்டுக்கென்று 1897-லேயே தனிச் சட்டம் போட்ட ஊர் இது. ரேகை என்றால் திருடனிடம் எடுப்பது என்றுதான் அன்றைக்கு அர்த்தம். சங்கம் என்று ஒன்று கிடையாது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து பிழைக்க வந்த ஜனம், குடியிருந்த தட்டி வீடுகூடக் கம்பெனியுடையது. அப்படியும் மூன்று வாரம் சுரங்கம் நின்றது. கூலிக்காக இல்லை, மரியாதைக்காக நின்றார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அக்டோபர் 25

பெங்களூர் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சிலிகோசிஸ் என்றார், கல் தூசி நுரையீரலில் படிந்து வருவது. இங்கே இத்தனை வருஷமாக டிபி என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள். டிபி என்றால் அது அவரவர் வீட்டு வியாதி. சிலிகோசிஸ் என்றால் சுரங்கத்து வியாதி, யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்தியாவில் இந்த வியாதி முதலில் பதிவானதே கோலார் தங்க வயலில்தான், 1940களில். பரிசோதித்தவர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் இருந்தது. அப்படியென்றால் தெரியும். தெரிந்த பிறகும் நைனாவை மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இறங்க விட்டார்கள். கோபத்தில் கை நடுங்குகிறது, அப்புறம் எழுதுகிறேன்.

அக்டோபர் 26

கஞ்சி அரை டம்ளர்.

அக்டோபர் 28

சயனைடு மேட்டிலிருந்து, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் பறக்கிறது. ஜன்னலைச் சாத்தினாலும் பாத்திரத்தில் படிகிறது. ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை இந்த மாதிரி 13 மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்க ஒப்புதல் கொடுத்தது. மண்ணுக்கு மதிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பத்திரம் இன்னும் வரவில்லை. மேட்டைக் கரைக்கும்போது கிளம்பும் தூசிக்கு என்ன ஏற்பாடு என்று யாரைப் போய்க் கேட்பது?

அக்டோபர் 31

தீபாவளி. வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். அந்தக் காலத்தில் சுரங்கத்து ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் அதிரும், அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஆட்கள் இறங்கி ஏறும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவாள். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது அவள் அழவே இல்லை. நைனாதான் அழுதார்.

நவம்பர் 4

தியாகிகள் தினத்துக்குப் போகணும் என்று விடியலிலேயே சட்டை மாட்டிக்கொண்டார். வாசல்படி தாண்டுவதற்குள் முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, 1946-இல் போலீஸ் சுட்டுச் செத்த ஆறு பேரின் பெயரையும் சொன்னார், ஒவ்வொரு பெயருக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. கே. எஸ். வாசன் கட்டிய சங்கத்துக் கதையெல்லாம் தாத்தா சொல்லிக் கேட்டவர். "பயந்தவன் ஒருத்தனும் இல்லம்மா" என்றார். இன்றைக்கு நல்லாவே பேசினார். சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 6

ரேகை வேண்டாம், போனில் முகத்தைக் காட்டினாலே சான்று வரும் என்று பக்கத்து லைன் தம்பி வந்து முயற்சி செய்தான். கண் சிமிட்டச் சொல்கிறது. ஆக்சிஜன் குழாயை எடுத்தால்தான் முகம் விழுகிறது. இரண்டு தடவைக்கு மேல் நான் விடவில்லை.

நவம்பர் 8

விடியல் ரயிலுக்குப் போகவில்லை. ஆபீசுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன். சிலிண்டர் காலியாகப் போகிறது, கொண்டு வருகிறவர் போன் எடுக்கவில்லை. தம்பியை ராபர்ட்சன்பேட்டைக்கு அனுப்பியிருக்கிறேன்.