பத்துக் காசில் சிக்கிய ஃபார் லூப்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைவீதியில் நான் வழக்கமாகப் போகும் போட்டோஸ்டாட் கடையில் ஒரு தாளுக்குப் பத்துக் காசு. "எத்தனை தாளுக்கு எவ்வளவுன்னு ஸ்கிரீன்ல காட்டுற மாதிரி ஒண்ணு செஞ்சு கொடு தம்பி" என்றார் கடை அக்கா. இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் பழக ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது. சரி, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஃபார் லூப்புக்கு ஏற்ற வேலை என்று தலையாட்டிவிட்டேன்.

ஃபார் லூப்பின் அடைப்புக்குறிக்குள் மூன்று பகுதிகள்: எங்கே தொடங்குவது, எதுவரை ஓடுவது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு கூட்டுவது. முதலாவது ஒரே தடவைதான் நடக்கும். நடுவில் இருக்கும் நிபந்தனையை ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் சோதிக்கும். கூட்டல், சுற்று முடிந்த பிறகு. இதை அப்பாவிடம் சொன்னேன். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். "நிரை முடிஞ்சிச்சான்னு பாத்துட்டுத்தானே அடுத்த மரத்துக்குப் போவோம், இதுல என்ன புதுசு?" என்றார்.

முதல் முயற்சியில் பூஜ்ஜியத்தில் தொடங்கிவிட்டேன். 0 தாள், 0 வெள்ளி (ரிங்கிட்). அக்கா சிரித்தார், திருத்தினேன்.

அப்புறம்தான் அதிகப்பிரசங்கித்தனம். தாளை எண்ணாமல் வெள்ளியையே எண்ணினால் என்ன? 0.1-இல் தொடங்கி, 0.1 கூட்டி, 1 ஆகாத வரை ஓடு என்று எழுதினேன். பக்கம் உறைந்துவிட்டது. மடிக்கணினியின் விசிறி மட்டும் இரைந்தது. டேபை மூடிவிட்டு, நிபந்தனையை '1 அல்லது அதற்குக் குறைவு' என்று மாற்றிய பிறகுதான் உள்ளே நடந்தது தெரிந்தது. மூன்றாவது வரியில் 0.30000000000000004. பத்தாவது வரியில் 0.9999999999999999. அடுத்த கூட்டலில் 1-ஐத் தாண்டிப் போய்விடுகிறது. சரியாக 1 என்ற எண் வரவே வராததால் லூப் நிற்கவே இல்லை.

மூன்றில் ஒரு பங்கை தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் நீளும் அல்லவா? 0, 1 மட்டும் வைத்து கணினி எண்ணும் பைனரியில் 0.1-க்கும் அதே கதிதான். ஜாவாஸ்கிரிப்ட் அதை 64 பிட்டுக்குள், அதாவது 64 பைனரி இலக்கங்களுக்குள், வெட்டி வைத்துக்கொள்கிறது. கூட்டக் கூட்ட அந்தச் சிறு பிசகும் சேர்ந்துகொண்டே போகிறது. தீர்வு எளிது: காசில் எண்ணு. 10, 20, 30 என்று 100 வரை. காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுத்தால் போதும்.

1 தாள் முதல் 10 தாள் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் வைத்தபோது இன்னொரு வேடிக்கை. பத்தில் எதை அழுத்தினாலும் 1.10 வெள்ளி! லூப்பில் காசை எண்ணும் கவுண்டரை 'வார்' (var) என்று அறிவித்திருந்தேன். அதில் பத்துப் பொத்தானுக்கும் சேர்த்து ஒரே பெட்டிதான். லூப் முடிந்தபோது அதில் 110 உட்கார்ந்திருந்தது. 'லெட்' (let) என்று மாற்றியதும் சுற்றுக்கு ஒரு புதுப் பெட்டி கிடைத்தது. 1995-இல் பத்தே நாளில் முதல் வடிவம் எழுதப்பட்ட மொழி, 'லெட்' வந்ததோ 2015 பதிப்பில்தான். இருபது வருஷம் எத்தனை பேர் தலையைப் பிய்த்துக்கொண்டார்களோ.

அக்கா இப்போது கலர் தாளுக்கும் கேட்கிறார். ஒரு தாள் ஐம்பது காசு. 0.5 பைனரியில் பிசகில்லாமல் அடங்கும் எண். முதலில் அதைக் கொடுத்திருந்தால் இந்தப் பிழை என் கண்ணிலேயே பட்டிருக்காது.