எங்கள் பக்கம் எந்த ரிலேயும் செயல்படவில்லை

பழவேற்காடு ஏரிக்கு ஆந்திரப் பக்கம் இருக்கும் ஒரு 220 கேவி சப்ஸ்டேஷனில் ஷிஃப்ட் பார்க்கிறேன். எது என்று பெயர் வேண்டாம். போன குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை ஸ்டேஷன் மொத்தமும் சப்ளை இழந்தது. சப்ளையை மீட்டது கொஞ்ச நேர வேலைதான். அதற்கப்புறம் அனுப்ப வேண்டியிருந்த அறிக்கைகள்தான் ஆளைத் தின்றன. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு உதவுமே என்று எழுதி வைக்கிறேன்.

எங்களுக்கு 220-ல் இரண்டு லைன். ஒன்று அன்று ஷட்டவுனில் இருந்தது, அதுவும் பழைய இன்சுலேட்டரை மாற்றுவதற்காக. ஏரிக்காற்றில் வரும் உப்பு பீங்கான் மேல் படிந்துகொண்டே இருக்கும். காய்ந்து கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. தை மாதப் பனி அதை நனைத்தால்தான் கரண்ட் கசியத் தொடங்கி, கடைசியில் பீங்கான் மேலேயே பொறி பாய்ந்து ஃபிளாஷ் ஓவர் ஆகிவிடும். ஓடிக்கொண்டிருந்த லைனில், எங்கள் ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி, மூன்று ஃபேஸில் ஒன்றான ஆர் ஃபேஸில் அதுதான் நடந்தது. விஜயவாடாவில் உள்ள மாநில லோடு டெஸ்பாட்ச் சென்டரிடம் (எஸ்எல்டிசி) கோட், அதாவது அனுமதி எண், வாங்கி லைனைத் திரும்ப சார்ஜ் செய்தோம்.

ஊர்க்காரர்களுக்கு இது ஒரு கரண்ட் கட், அவ்வளவுதான். மத்திய மின்சார ஆணையத்தின் 2010 கிரிட் தர விதிகளில் இதற்கு வகை உண்டு. மண்டலத்தின் உற்பத்தியிலோ லோடிலோ 10 சதவீதத்துக்குக் குறைவாக இழந்தால் ஜிடி-1 (ஜிடி என்றால் கிரிட் டிஸ்டர்பன்ஸ்). 40 சதவீதமோ அதற்கு மேலோ போனால் ஜிடி-5. 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டது அந்தக் கடைசி வகை. தென்மண்டல லோடில் எங்கள் ஸ்டேஷன் வெறும் தூசு. இருந்தாலும் எங்கள் தரப்புக் காலக்கெடு இரண்டுக்கும் ஒன்றேதான். 2023 அக்டோபரில் அமலுக்கு வந்த கிரிட் கோடு சொல்வது இது: உடனே போனில் தகவல், 8 மணி நேரத்துக்குள் ஃபிளாஷ் ரிப்போர்ட், 24 மணி நேரத்துக்குள் டிஆரும் (ஃபால்ட் நேரத்து கரண்ட், வோல்டேஜ் அலைகளின் பதிவு) ஈவென்ட் லாகும் (எது எப்போது இயங்கியது என்ற பட்டியல்), 7 நாளுக்குள் விரிவான அறிக்கை. எல்லாம் பெங்களூரில் உள்ள தென்மண்டல லோடு டெஸ்பாட்ச் சென்டருக்குப் போக வேண்டும்.

ஃபிளாஷ் ரிப்போர்ட் சுலபம். எத்தனை மணிக்கு, எந்த லைன், எத்தனை மெகாவாட் போனது, எப்போது திரும்பியது, வானிலை எப்படி. 'காரணம்' என்ற இடத்தில் 'விசாரணையில்' என்று மட்டும் எழுதினேன். சிலர் 'டிரான்சியன்ட் ஃபால்ட்' (தற்காலிகப் பழுது) என்று போட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். லைன் மறுபடி சார்ஜ் ஆகிவிட்டது என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்லாது. பெங்களூரில் இருப்பவர்களுக்கும் அது தெரியும்.

டிஆர் விஷயத்தில் ஒன்று. சார்ஜ் செய்யும் அவசரத்திலும் முதலில் ரிலேயில் (ஃபால்ட்டைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) லேப்டாப்பை மாட்டி ரெக்கார்டை இறக்கிக்கொள்ளுங்கள். மெமரி நிறைந்தால் பழையது அழிந்துவிடும். ஸ்கிரீனைப் படம் பிடித்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். அலைப்பதிவுக்கான பொது வடிவமான காம்ட்ரேட் ஃபைல்தான் வேண்டும், சிஎஃப்ஜியும் டாட்டும் சேர்ந்து.

சிக்கல் விரிவான அறிக்கையில் வந்தது. 'உங்கள் முனையில் செயல்பட்ட ரிலே எது' என்று ஒரு கட்டம். எங்கள் முனையில் எதுவும் செயல்படவில்லை. அப்படியே எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது, 'விவரம் நிரப்பவும்' என்ற குறிப்போடு. லைனின் மறுமுனையில் இருந்தவரும் தமிழர். போனில், "சார், எங்க பக்கம் ஸோன் 2-ல டிரிப். உங்க கேரியர் வரவே இல்ல. உங்க பிஎல்சிசியைப் பாருங்க" என்றார். ஸோன் 2 என்பது லைனின் கடைசிப் பகுதியிலும் அதற்கு அப்பாலும் உள்ள ஃபால்ட்டுக்குக் கொஞ்சம் காத்திருந்து டிரிப் செய்யும் ஏற்பாடு. காத்திராமல் திறக்கலாம் என்று ஒரு முனை ரிலே மறுமுனைக்கு அனுப்பும் சிக்னல்தான் கேரியர்; அதை லைன் வழியாகவே கொண்டுபோகும் கருவி பிஎல்சிசி. பார்த்தோம். பேனலில் ஒரு குறையும் இல்லை.

ரிலேக்களைச் சோதிக்கும் எம்ஆர்டி பிரிவில் ஒரு மூத்தவர் இருக்கிறார், தெலுங்குக்காரர், நாங்கள் எல்லோரும் அண்ணா என்போம். இரண்டு முனை டிஆரையும் ஒரே திரையில் போட்டுக் காட்டச் சொன்னார். அங்கேயும் ஒரு தடை. எங்கள் ரிலே ஜிபிஎஸ்ஸில் இணையாமல் இருந்ததால் இரண்டு கடிகாரத்துக்கும் சில நிமிட வித்தியாசம். ஆர் ஃபேஸ் வோல்டேஜ் விழும் இடத்தை வைத்துப் பொருத்தினோம். அண்ணா கேட்ட ஒரே கேள்வி: "அன்று உன் பஸ்ஸுக்குப் பின்னால் சோர்ஸ் எங்கே?"

பஸ் என்பது ஸ்டேஷனில் எல்லா லைனும் சேரும் கம்பி; சோர்ஸ் என்றால் அதற்கு மின்சாரம் தரும் இடம். அன்று அப்படி எதுவும் இல்லைதான். இன்னொரு லைன் ஷட்டவுன். தொட்டியில் தண்ணீர் இல்லாத குழாய் உடைந்தால் எதுவும் பீறிடாது. எங்கள் பக்கத்திலிருந்து ஃபால்ட்டுக்குப் போன கரண்ட், ரிலே பிக்கப் ஆகும் அளவுக்கு இல்லை. ரிலே எழவில்லை, அதனால் கேரியரும் போகவில்லை. மறுமுனைக்கு ஃபால்ட் லைனின் கடைசிப் பகுதியில் இருந்ததால் அது ஸோன் 2 நேரம் முடியும்வரை காத்திருந்து மூன்று ஃபேஸையும் திறந்தது. ஸோன் 2 டிரிப்புக்கு ஆட்டோ ரீக்ளோஸ், அதாவது பிரேக்கர் தானே திரும்ப மூடுவது, கிடையாது. கேரியர் போயிருந்தால் ஆர் ஃபேஸ் மட்டும் திறந்து ஒரு விநாடியில் திரும்ப மூடியிருக்கும். ஊர் விளக்குகள் ஒரு தடவை மினுக்கியிருக்கும், அவ்வளவே. 220-ல் ஃபால்ட் 160 மில்லி விநாடிக்குள் நீங்க வேண்டும் என்பது விதி. இங்கே 400-ஐ ஒட்டி ஆகிவிட்டது.

இதை அலைவடிவங்களோடு எழுதி அனுப்பியதும் அந்தக் கட்டத்தைப் பற்றி யாரும் திரும்பக் கேட்கவில்லை. அப்புறம் ரிலே பாதுகாப்பை அலசும் குழுவின் கூட்டம், வீடியோவில். எங்கள் முறை வர மதியம் ஆனது. ரிலேயில் வீக் இன்ஃபீட் எக்கோ வசதி (சோர்ஸ் இல்லாத முனை, மறுமுனையிலிருந்து வந்த கேரியரைத் திருப்பி அனுப்புவது) இருந்தும் ஏன் ஆன் செய்யவில்லை என்று கேட்டார்கள். இரண்டு லைனும் ஓடும் நிலையை வைத்துப் போட்ட செட்டிங் அது என்று அண்ணா பதில் சொன்னார்.

பரிந்துரைகள் மூன்று: வீக் இன்ஃபீட் லாஜிக்கை இயக்குவது, ரிலேயை ஜிபிஎஸ்ஸோடு இணைப்பது, ஏரியை ஒட்டிய டவர்களில் பாலிமர் இன்சுலேட்டர் போடுவது. முதல் இரண்டும் ஆகிவிட்டன. மூன்றாவதற்கு டெண்டர் நடக்கிறது. அது முடியும்வரை ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் நிலை என்ன என்று ஒரு வரி அனுப்ப வேண்டும்; அந்த வேலை இப்போது என் தலையில்.