கற்பாதைக்கு ஏற்ற ஹேண்டில்பார்

பென்னாகரம் பக்கத்து மண்பாதையில் என் பைக் சாய்ந்ததில் பழைய இரும்பு ஹேண்டில்பார் வளைந்துவிட்டது. நிமிர்த்தித் தருவதாகத் தருமபுரி மெக்கானிக் அண்ணன் சொன்னார், நான் சம்மதிக்கவில்லை. வளைந்து நிமிர்ந்த குழாயை நம்பிக் கற்களில் இறங்க எனக்கு மனம் வராது.

புதியது அலுமினியத்தில் என்று முடிவு செய்தேன். குழாயின் விட்டம் நடுவில் 28.6 மி.மீ., கைப்பிடியில் 22 மி.மீ. என்று மெலியும் வகைதான் உறுதியானது. ஆனால் என் வண்டியில் ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் 22 மி.மீ. குழாய்க்கானது, அதையும் மாற்றினால் செலவு ஏறும். எனவே உறுதிக்காகக் குறுக்குக் கம்பி வைத்த 22 மி.மீ. குழாயையே வாங்கினேன்.

எனக்கு உயரம்தான் முக்கியம். கரடுமுரடான இடங்களில் நின்றே ஓட்டுகிறவன் நான். முதுகு கூனாமல் கை எட்ட வேண்டும். அதற்காக மிகவும் உயர்த்தினால் கேபிள்களும் பிரேக் ஹோஸும் இழுபடும். பொருத்தியதும் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்பினோம். இடப்பக்கம் திருப்பும்போது எஞ்சின் சத்தம் மெல்ல ஏறியது. ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகுகிறது என்று பொருள். வளைவில் இது உயிருக்கே ஆபத்து. அண்ணன் டேங்கைக் கழற்றி, கேபிளை வேறு வழியாக விட்டார். அதன்பின் எப்படித் திருப்பினாலும் சத்தம் ஒரே சீராக இருந்தது.

அகலத்தில் இன்னும் கைவைக்கவில்லை. அஞ்செட்டிப் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு, தேவையானால் இரு முனையிலும் சமமாக அறுக்கச் சொல்வேன்.