வில்ட்ஷயர் வயலில் ஒரு நாள்

ஏப்ரல் இறுதியில், வில்ட்ஷயரில் ஆடு வளர்க்கும் ஒரு விவசாயி எனக்கு மான் சுட அனுமதி தந்திருக்கும் நிலத்துக்கு என் நண்பரை முதன்முறையாக அழைத்துச் சென்றேன். இங்கிலாந்தில் ரோ என்னும் சிறிய மான் இனத்தின் ஆணைச் சுடும் பருவம் ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை.

விடியும் வேளையில், எங்கள் வாடை மானை எட்டாதபடி எதிர்க்காற்றில் புதர்வேலியோரமாக நடந்தோம். நண்பர் பைனாகுலரோடு பின்னால் வந்தார். மேட்டு விளிம்பில் முதல் மான் தலை நிமிர்த்தியபோது அதன் பின்னால் வெறும் வானம்தான் இருந்தது. தவறும் தோட்டாவை வாங்கிக்கொள்ளப் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது என்பதால் துப்பாக்கியைத் தாழ்த்தினேன். நண்பர் ஏமாற்றமடைவார் என்று எண்ணினேன். அவரோ அது மரங்களுக்குள் மறையும்வரை மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் சரிவின் அடியில் நின்ற இன்னொரு மான் ஒரே குண்டில் விழுந்தது. நோய்க்குறி உண்டா என்று நிணநீர்க் கணுக்களைச் சோதித்தபடியே குடலை அகற்றினேன். இறைச்சி உண்பவர் எவரும் ஒருமுறையேனும் பார்க்க வேண்டிய வேலை அது.

மானை இரவில் சுடுவதை 1991ஆம் ஆண்டின் மான் சட்டம் தடுக்கிறது. நரிக்கு அத்தடை இல்லை. ஆடுகள் குட்டி ஈனும் பருவத்தில் விவசாயியின் கவலையெல்லாம் நரிதான். இருட்டியபின், உடல் வெப்பத்தைக் காட்டும் வெப்பநோக்கியில் தெரிந்த ஒரு நரியைச் சுட்டுவிட்டு வீடு திரும்பினோம்.